ஐந்தாவது கட்டத்தில் ஒரு டிக்

தெருவில் நின்று வியாபாரம் செய்கிறவர்களிடம் போய், அவர்கள் கேட்காத ஒன்றை இலவசம் என்று சொல்லிக் கொடுத்துவிட்டு வருவதுதான் எங்கள் தொழில்.

தள்ளுவண்டியிலும் கூடையிலும் கறுப்பு வெள்ளையாக ஒரு சதுரம் தொங்குகிறதே, யாரோ கோபத்தில் போட்ட புள்ளிக்கோலம் மாதிரி, அதை ஒட்டுகிறவன் நான். பக்கத்தில் சின்ன ஸ்பீக்கர் ஒன்று உட்கார்ந்துகொண்டு ‘முப்பது ரூபாய் பெறப்பட்டது’ என்று கத்துகிறதே, அதை வைக்கிறவனும் நான்தான். அதற்கு முன் பாடநூல் அச்சகம் ஒன்றில் பத்தொன்பது வருடம் மெய்ப்புத் திருத்திக்கொண்டிருந்தேன். அச்சகத்தை மூடினார்கள். நாற்பத்தாறு வயதுக்காரனுக்கு வேலை கொடுக்க முன்வந்தது பணம் அனுப்பும் செயலி நடத்தும் ஒரு நிறுவனம் மட்டுமே. மயிலாப்பூர், தி. நகர், அடையாறு ஆகிய மூன்றும் என் வட்டாரம். வங்கிச் சேவை எட்டாத மக்களை அமைப்புக்குள் கொண்டுவருவதே நம் நோக்கம் என்று பயிற்சியின் முதல் நாள் திரையில் காட்டினார்கள். இரண்டாம் நாளிலிருந்து இலக்கு என்ற ஒரே சொல்லைத்தான் காட்டினார்கள்.

மாத இலக்கு என்றதும் காலண்டரைத் திரும்பிப் பார்க்கிற அன்பர்களே, காப்பீடு விற்றவர்களே, குடைக்குக் கீழே சிம் கார்டு விற்றவர்களே, கிரெடிட் கார்டு வேண்டுமா என்று கேட்டுத் திட்டு வாங்கியவர்களே, இது உங்களுக்காக எழுதுவது. மற்றவர்களுக்குப் புரியாது. புரிந்தால் மன்னிக்க மாட்டார்கள்.

ஒரு ரூபாய்ப் போணி

போணி என்ற சொல் வடக்கிலிருந்து வந்திருக்கலாம். அதன் சட்டங்கள் முழுக்க மயிலாப்பூரில் இயற்றப்பட்டவை. இது எனக்குத் தெரியாத காலத்தில், ஒரு காலை ஆறரை மணிக்கு மாட வீதியில் தனம் என்ற பூக்கார அம்மாளின் கூடைக்குப் பக்கத்தில் ஸ்பீக்கரை வைத்தேன். சதுரத்தை ஒட்டியதும் எங்கள் போனிலிருந்து ஒரு ரூபாய் அனுப்பி, பெட்டி பேசுகிறதா என்று பார்ப்பது எங்கள் வழக்கம். அனுப்பினேன். ‘ஒரு ரூபாய் பெறப்பட்டது’ என்று பெட்டி கணீரென்று சொன்னது. தனம் கட்டிக்கொண்டிருந்த பூவை அப்படியே விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். ஆச்சரியத்தில் வாயடைத்துப்போனார் என்று நினைத்துக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அன்றைய முதல் வியாபாரம் அவருக்கு அந்த ஒரு ரூபாய்தான். முதல் காசைக் கையில் வாங்கிக் கண்ணில் ஒற்றி, கூடையைத் தொட்டுவிட்டு, முந்தானையில் முடிந்துகொள்வார்கள். கண்ணில் ஒற்ற அங்கே காசும் இல்லை. அன்று மழை வேறு பிடித்துக்கொண்டது. மறுநாள் அதே வழியாகப் போனேன். பத்துக் கடை தள்ளியிருந்தும் அவர் குரல் கேட்டது.

“ஒத்த ரூபாய்ல போணி பண்ணிட்டு நீ பூட்ட, நாள் பூரா பூவு வாடிக்கினு கீது, நீ இன்னா சாமி, ஆளா, இல்ல அமாவாசையா?”

எலுமிச்சம்பழ வாசனை

அதற்குப் பிறகு எந்த வண்டிக்குப் போனாலும் முதலில் ரொக்கம் கொடுத்து ஏதாவது வாங்கிவிடுவேன். பெசன்ட் நகர் கடற்கரையில் கன்னியம்மாவிடம் அப்படித்தான் ஒரு சோளக்கதிர் வாங்கினேன். ஐம்பது வயது இருக்கும். கணவர் இறந்து எட்டு வருடம். அடையாற்றங்கரையில் இருந்த வீட்டை இடித்து, நகரத்துக்கு வெளியே அடுக்குமாடி ஒன்றில் மூன்றாவது மாடியில் குடிவைத்திருந்தார்கள். அங்கிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி வந்து, பக்கத்துக் குப்பத்தில் விட்டிருக்கும் வண்டியை எடுத்துக்கொண்டு, கரியை மூட்டி, ஒரு குறிப்பிட்ட விளக்குக் கம்பத்தடியில் நிற்பார். வீட்டுச் செலவுக்குச் சோளம். வாடகைக்கும் மாத்திரைக்கும் அரசாங்கம் மாதாமாதம் பேங்கில் போடும் விதவை உதவித்தொகை. இந்த இரண்டு கால்களில்தான் அவர் நின்றுகொண்டிருந்தார்.

“இது என் எடம் நைனா. பட்டா கீதான்னு கேக்காத. தெனமும் வந்து நிக்கிறேன் பாரு, அதான் பட்டா. ஜொரம் வந்தாலும் வந்து நின்னுடுவேன். ஒரு மாசம் நிக்கலன்னு வெய்யி, வேற எவனாச்சும் நின்னுடுவான். அப்பால நான் போய்க் கேக்கக் கூடாது, அதான் இங்க சட்டம்” என்றார்.

சதுரத்தை அவருடைய பழைய பேங்க் கணக்கோடு இணைத்தேன். ஸ்பீக்கரை வைத்தேன். வேலை அத்தோடு முடிந்தது. ஆனால் எங்கள் நிறுவனம் புதிதாக இலவசக் கணக்கு என்று ஒன்றை ஆரம்பித்திருந்தது. ஒரு சதுரத்துக்கு எனக்கு ஒரு மதிப்பெண், ஸ்பீக்கருக்கு ஒன்று. ஒரு கணக்குக்கு ஐந்து. மாதக் கடைசி. “இன்னொரு கணக்கும் திறந்து வெச்சுக்கோங்கக்கா, செலவில்லை, சும்மா கிடக்கட்டும்” என்றேன். ரேகை எடுக்கும் கருவியில் கட்டை விரலை வைத்தார். கருவி ஏற்கவில்லை. கரியிலும் சூட்டிலும் தேய்ந்துபோன விரல். ஐந்து முறை வைத்தும் ஆகவில்லை. உடனே அவர் சோளத்துக்குத் தேய்க்கிற எலுமிச்சம்பழ மூடியை எடுத்து விரலை அழுத்தித் தேய்த்து, புடவைத் தலைப்பில் துடைத்து, மறுபடி வைத்தார். பச்சை விளக்கு எரிந்தது. கருவியில் ஒரு வாரம் எலுமிச்சை வாசனை போகவில்லை.

படிவத்தில் ஐந்து கட்டங்கள் உண்டு. ஒவ்வொன்றையும் படித்துக்காட்டிச் சம்மதம் கேட்டு டிக் போட வேண்டும். எனக்கு அந்தப் படிவம் நன்றாகவே தெரியும். வேலைக்குச் சேர்ந்த அன்றே அதன் தமிழில் பதினோரு பிழைகளைக் கண்டுபிடித்து, திருத்தி, தலைமை அலுவலகத்துக்கு அனுப்பியிருந்தேன். பிழை தேடிப் படிக்கிறவன் பொருளைப் படிப்பதில்லை. ஐந்து கட்டத்தையும் கடகடவென்று நானே தட்டிவிட்டு, சம்மதந்தானே அக்கா என்று கேட்டேன். அவர் சோளத்தைத் திருப்பிப் போட்டுக்கொண்டே சொன்னார்.

“நீ படிச்ச மனுசன், நீ சம்மதம்னா நான் சம்மதம் நைனா.”

மெத்தை தைப்பவரின் மகன்

என்னோடு வேலை பார்த்த முபாரக் ஐந்து கட்டத்தையும் படித்துக்காட்டுவார். கேட்கிறவர் தலையை ஆட்டினாலும் விடமாட்டார். “இன்னா புரிஞ்சுது, சொல்லுங்க பாக்கலாம்” என்று கேட்பார். ஒரு கணக்குக்கு அரை மணி நேரம். இளநீர்க்காரர்கள் அவரைக் கண்டால் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடுவார்கள் என்று ஒரு வதந்தி இருந்தது. அதைக் கிளப்பியவன் நான். மாதக் கடைசியில் மேலாளர் வாட்ஸ்அப் குழுவில் எல்லார் பெயரையும் வரிசைப்படுத்திப் போடுவார். முபாரக் பெயர் எப்போதும் அடியில் இருக்கும், சிவப்பு நிறத்தில்.

அவர் குடும்பம் மூன்று தலைமுறையாக மெத்தை தைக்கிற குடும்பம். வீட்டில் உருது, தெருவில் தமிழ். ஒருநாள் டீ குடிக்கும்போது, ஏன் இப்படி உயிரை விடுகிறீர் என்று கேட்டேன். மெத்தைக்காரர்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறதாம். பஞ்சை அடைத்ததும் கடைசிப் பக்கத்தைத் தைக்காமல் வைத்துக்கொண்டு, வாங்குகிறவரைக் கூப்பிட்டு உள்ளே கையை விட்டுப் பார்க்கச் சொல்வார்களாம். இவர் அப்பா இன்றும் அப்படித்தானாம். அவசரமாக எடுத்துக்கொண்டு போக வந்தவர்களைக்கூட நிற்கவைத்துக் கையை விடச் சொல்வாராம்.

“தச்சப்புறம் உள்ள பஞ்சு கீதா, குப்ப கீதான்னு யாருக்குத் தெரியும் வாத்தியாரே, படுக்கறவனுக்குத்தான் முதுகு வலிக்கும்.”

வாய் முளைத்த வண்டி

கோபாலபுரம் அமைதியான இடம். பழைய பங்களாக்கள், பெரிய மரங்கள், மதியத்தில் காக்கை கத்தினால்கூட யாராவது எட்டிப்பார்ப்பார்கள். அங்கே ஒரு இஸ்திரி வண்டிக்காரருக்கு ஸ்பீக்கர் வைத்துக்கொடுத்தேன். அவரிடம் வீட்டுக்கு வீடு ஒரு விலை இருந்தது. வாடகை வீட்டுக்காரர்களுக்குக் குறைவு, சொந்த வீட்டுக்காரர்களுக்குக் கொஞ்சம் அதிகம், பேரம் பேசாத ஒரு மாமிக்கு இன்னும் கொஞ்சம் அதிகம். பொருளாதார நூல்களில் இதற்கு நீளமான பெயர் இருக்கிறது. அவர் அதை நூலில்லாமலே பல வருடம் நடத்தி வந்தார்.

பெட்டி வைத்த மூன்றாம் நாள் நான் அந்தப் பக்கம் போனபோது, மாமி வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். “எதிராத்துல எட்டு உருப்படி எண்ணி வாங்கிண்டா, அறுவது ரூபாய்னு இது சொல்லித்து. நான் ஊஞ்சல்ல உக்காந்துண்டு காதால கேட்டேன். எங்காத்துல எட்டு உருப்படிக்கு எண்பது வாங்கிண்டு போறியே, எங்காத்துத் துணிக்கு மட்டும் என்ன, ரெண்டு பக்கமும் தேய்க்கறயா?” என்றார். இஸ்திரிக்காரர் அடுத்த துணியை எடுத்துத் தேய்த்தார். மாமி உள்ளே போன பிறகு ஸ்பீக்கரை அவிழ்த்து என் கையில் வைத்தார்.

“இத்தினி வருசமா வாய மூடிக்கினு பொழச்சேன் சார், நீ வந்து என் வண்டிக்கு வாய் வெச்சிட்டுப் பூட்ட.”

அரசாங்கத்தின் காது

இந்தக் கதையை நான் போகிற இடமெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தேன். கன்னியம்மாவிடமும் சொல்லியிருக்கிறேன். சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

ஒரு மாலை அவர் வண்டியில் கரி மூட்டவில்லை. ஸ்பீக்கரைத் துண்டில் இறுக்கச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தார். சதுரத்தைக் கம்பியிலிருந்து பிய்த்து எடுத்திருந்தார். மூன்று மாதமாக உதவித்தொகை வரவில்லையாம். பேங்கில் போய்க் கேட்டிருக்கிறார். கவுன்ட்டரில் இருந்தவர் பாஸ்புக்கைப் பார்த்துவிட்டு, “அதான் தெனம் இருபது, முப்பதுன்னு காசு வந்துக்கிட்டே இருக்கேம்மா, உங்களுக்கு எதுக்கு உதவித்தொகை?” என்று சிரித்திருக்கிறார். அவர் விளையாட்டாகச் சொன்னது. கன்னியம்மா அதையும் இஸ்திரி வண்டியையும் சேர்த்து வைத்துப் பார்த்துவிட்டார். எதிர்வீட்டு மாமிக்குக் கேட்பது அரசாங்கத்துக்குக் கேட்காதா? சம்பாத்தியம் இருக்கிறவளுக்கு எதற்குப் பணம் என்று நிறுத்திவிட்டார்கள். ஸ்பீக்கர் இருந்தால் காட்டிக்கொடுக்கும். வண்டி இருந்தால் யாராவது வந்து பார்த்து எழுதிக்கொண்டு போவார்கள். ஆகவே இரண்டும் வேண்டாம். உதவித்தொகை திரும்ப வருகிறவரை வீட்டில் இருக்கப்போகிறேன் என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, அந்தப் பெட்டிக்குக் காது கிடையாது, வாய் மட்டும்தான் என்று கால் மணி நேரம் விளக்கினேன். தகவல் எப்படிப் போகிறது, எங்கே போகிறது, யார் பார்க்கிறார்கள் என்று மணலில் விரலால் படம்கூட வரைந்தேன். படம் சரியாகத்தான் இருந்தது. பணம் ஏன் நின்றது என்று மட்டும் நான் கேட்கவில்லை. தாலுகா ஆபீசில் ஏதாவது தாமதமாக இருக்கும், சரியாகிவிடும் என்றேன். இடம் போய்விடுமே அக்கா என்றும் சொன்னேன். அது தனக்குத் தெரியாதா என்பதுபோலப் பார்த்தார். பிறகு துண்டோடு ஸ்பீக்கரை என்னிடம் நீட்டினார்.

“எனக்கு சம்பாத்தியம் கீதுன்னு ஊருக்கே கத்துச்சில்ல, இப்ப இல்லன்னு நீ போய் அவங்களாண்ட சொல்லு நைனா.”

நல்ல எடம்

நான் யாரிடமும் போய்ச் சொல்லவில்லை. யாரிடம் சொல்வது என்றும் எனக்குத் தெரியாது. ஸ்பீக்கரை அலுவலகத்தில் ஒப்படைத்து, காரணம் என்ற இடத்தில் ‘வாடிக்கையாளருக்கு விருப்பமில்லை’ என்று எழுதினேன். துண்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று பைக் பெட்டியில் போட்டேன். அது அங்கேயே கிடந்தது.

இரண்டு மாதம் கழித்து, மறுபடி ஒரு மாதக் கடைசியில், அதே விளக்குக் கம்பத்தடியில் புதிதாக ஒரு மோமோ கடை நின்றது. சிவப்பு விளக்கு, ஆவி பறக்கிற அடுக்குப் பாத்திரம், சுற்றிலும் கல்லூரிக் கூட்டம். கடைக்காரர் இளைஞர், உற்சாகமானவர். சதுரம் வேண்டுமா என்று கேட்கும் முன்பே “வைங்க சார்” என்றார். ஸ்பீக்கர், சதுரம், இலவசக் கணக்கு, மொத்தம் ஏழு மதிப்பெண். அன்று என் இலக்கு முடிந்தது. காசு வாங்காமல் ஒரு தட்டு மோமோ கொடுத்தார். கன்னியம்மா நின்ற அதே இடத்தில் நின்றுகொண்டு அதைச் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மறைக்க நினைத்திருந்தால் இதை எழுதவே உட்கார்ந்திருக்க மாட்டேன். இங்கே முன்னால் யார் இருந்தார்கள் தெரியுமா என்று கேட்டேன்.

“யாரோ ஒரு ஆயா சோளம் போட்டுக்கினு இருந்தாங்களாம் சார், இவ்ளோ நல்ல எடத்த யாராச்சும் வுட்டுட்டுப் போவாங்களா?”

ஹேர்பின் கடை

தி. நகரில் நடைபாதையில் ரேவதி என்ற பெண் ஹேர்பின், ரப்பர் பேண்ட், ஊக்கு விற்கிறார். அவருக்கும் நான்தான் சதுரம் ஒட்டி, இலவசக் கணக்கும் திறந்திருந்தேன். மோமோ சாப்பிட்ட பத்தாம் நாள் அவர் என்னைக் கூட்டத்தில் பார்த்துவிட்டு, “சார், நில்லுங்க” என்றார். நின்றேன். ஊக்கு அட்டைகளுக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். உள்ளே அழகாக அடுக்கிய காகிதங்கள்.

சமையல் கேஸ் மானியம் ஆறு மாதமாக அவருடைய பேங்குக்கு வரவில்லை. கேஸ் ஏஜென்சிக்குப் போனார், அனுப்பிவிட்டோம் என்றார்கள். பேங்குக்குப் போனார், வரவில்லை என்றார்கள். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. அப்படியானால் மூன்றாவதாக ஒரு இடம் இருக்க வேண்டும். தேடிக் கண்டுபிடித்துவிட்டார். அரசாங்கம் ஆதாரை வைத்து அனுப்புகிற பணம், கடைசியாக எந்தக் கணக்கோடு ஆதார் இணைக்கப்பட்டதோ அந்தக் கணக்குக்குத்தான் போகும். எங்கள் படிவத்தின் ஐந்தாவது கட்டம் அதற்கான சம்மதம். ‘இனி எனக்கு வரவேண்டிய அரசு உதவிகள் அனைத்தும் இக்கணக்கிலேயே வரவு வைக்கப்பட ஒப்புகிறேன்.’ பதினோரு பிழைகளில் இரண்டு அந்த வரியில்தான் இருந்தன. திருத்தியது எனக்கு நினைவிருந்தது.

சும்மா கிடக்கட்டும் என்று நான் திறந்து வைத்த கணக்கில் அவர் பணம் ஆறு மாதமாகச் சேர்ந்துகொண்டிருந்தது. எங்களிடமிருந்து போன ஆங்கிலக் குறுஞ்செய்திகளை விளம்பரம் என்று நினைத்து அவர் அழித்துவிட்டிருந்தார். நான் வாயைத் திறக்குமுன் அவரே சொன்னார்.

“நான் பி.காம் சார், எனக்கே தேடிக் கண்டுபிடிக்க ஆறு மாசம் ஆச்சு, மத்தவங்களுக்கு அந்த அஞ்சாவது கட்டத்த என்னிக்காவது படிச்சுக் காட்டியிருக்கீங்களா?”

கட்டை விரல்

அன்று மாலையே அலுவலகத்தில் என் பட்டியலை எடுத்து உட்கார்ந்தேன். முபாரக்கும் கூட உட்கார்ந்தார். வரிசையாக ஒவ்வொருவராகப் போய்ச் சரிசெய்ய வேண்டும். பெரும்பாலும் கேஸ் மானியம்; வரவில்லை என்பதே பலருக்குத் தெரியாது. கன்னியம்மாவின் பெயருக்கு நேராகப் பார்த்தேன். ஐந்து மாத உதவித்தொகை அந்தக் கணக்கில் பத்திரமாக இருந்தது. பணத்தை அரசாங்கம் ஒரு மாதம்கூட நிறுத்தவில்லை.

அவருடைய போன் உபயோகத்தில் இல்லை என்றது. ஆதாரில் இருந்த முகவரிக்குப் போனோம். அடையாற்றங்கரையில் அந்த இடத்தில் சுற்றுச்சுவரும், அதற்குள்ளே நடைபயிற்சிப் பாதையும் இருந்தன. அந்த முகவரிக்கு அனுப்பிய ஏ.டி.எம். அட்டை, ‘இம்முகவரியில் ஆள் இல்லை’ என்று எழுதப்பட்டு எங்கள் அலுவலக மேசையிலேயே பல மாதமாகக் கிடந்ததும் அப்போதுதான் தெரிந்தது. கடைசியில் கடற்கரையில் பலூன் சுடும் கடைக்காரர் பிளாக் எண்ணைச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை, முபாரக் ரேகைக் கருவியையும் கொஞ்சம் ரொக்கத்தையும் எடுத்துக்கொண்டார். நான் துண்டை எடுத்துக்கொண்டேன். இரண்டு பஸ் மாறிப் போனோம். ஒரு தடவை போவதற்கே எனக்கு இடுப்பு வலித்தது.

மூன்றாவது மாடி. மகளுடைய குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவைத் திறந்தார். மகள் வேலைக்குப் போகிறாளாம். இவர் குழந்தையைப் பார்த்துக்கொண்டு வீட்டோடு இருக்கிறார். சோளவண்டியை விற்றாகிவிட்டது. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

“வா நைனா. போய் சொன்னியா? இன்னா சொன்னாங்க?”

இரண்டு மாதத்துக்கு மேலாக அவர் அந்தப் பதிலுக்காகக் காத்திருந்தார். நான் முபாரக்கைப் பார்த்தேன். முபாரக்தான், “உங்க பணம் கீதும்மா, வெரல் வையுங்க” என்று கருவியை நீட்டினார். கன்னியம்மா சமையலறைப் பக்கம் திரும்பி, “இருப்பா, எலுமிச்சம்பழம் கீதான்னு பாக்குறேன்” என்றார். அதற்குள் குழந்தை கருவியைப் பிடிக்க வந்தது. அதன் கையை விலக்கிவிட்டு, சும்மா வைத்துப் பார்ப்போம் என்று கட்டை விரலை வைத்தார். முதல் தடவையிலேயே பச்சை விளக்கு எரிந்தது. இரண்டு மாதத்துக்கு மேலாகக் கரியும் நெருப்பும் தொடாத விரல். ரேகை திரும்ப வளர்ந்திருந்தது.

முபாரக் ரொக்கத்தைக் கொடுத்தார். கன்னியம்மா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். “பாத்தியா, நீ சொன்னா கேக்குறாங்க. படிச்ச மனுசன் வார்த்தைக்கு மதிப்பு கீது” என்றார். மகளிடம் காட்ட வேண்டும், உட்காருங்கள், காபி போடுகிறேன் என்றார். நான் துண்டை மடித்து ஜன்னல் மேல் வைத்துவிட்டு, உட்காரவும் தயாராகிவிட்டேன். அந்தப் பெருமையோடு காபியும் குடித்துவிட்டு வந்திருப்பேன். முபாரக் உட்காரவில்லை.

“வாத்தியாரே, கையவிட்டுப் பாக்கச் சொல்லுங்க” என்றார் மெல்ல.

சொன்னேன். ஐந்து கட்டம், ஐந்தாவது டிக், இரண்டாவது கணக்கு, எனக்குக் கிடைத்த ஐந்து மதிப்பெண், எல்லாவற்றையும். இலக்கு என்றால் என்ன என்றுகூட விளக்கப் பார்த்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“அப்ப அந்தப் பொட்டி போட்டுக்குடுக்கல?”

“இல்லக்கா.”

“கெவுருமென்ட்டு நிறுத்தல?”

“இல்லக்கா.”

“நீதான்.”

“நான்தான்.”

“பாவம் அந்தப் பொட்டி. அத்த நான் எவ்ளோ திட்டினேன் தெர்யுமா” என்றார். ஒரு நொடி சிரித்துவிடுவார் போலிருந்தது. சிரிக்கவில்லை. குழந்தையை ஒரு இடுப்பிலிருந்து இன்னொரு இடுப்புக்கு மாற்றினார். கம்பத்தடியில் இப்போது யார் நிற்கிறார்கள் என்று கேட்டார். மோமோ கடை என்றேன். அதில் தொங்குகிற சதுரம் யார் ஒட்டியது என்று அவர் கேட்கவில்லை, கேட்காததையும் சொன்னேன். தன் கட்டை விரலைப் பார்த்தார். பிறகு அதை என் முன்னால் நீட்டினார்.

“பணம் வந்துச்சி, சரி, என் எடத்துக்கு எங்க நைனா வெரல வெக்கணும்?”

இரண்டு வருடத்தில் நான் அமைப்புக்குள் கொண்டுவந்தவர்கள் எத்தனை பேர் என்று நிறுவனத்தின் பட்டியலில் இருக்கிறது, அதற்காக ஒரு சுவர்க் கடிகாரமும் கொடுத்தார்கள். வெளியே அனுப்பிய ஒருவரை எழுதத்தான் அந்தப் படிவத்தில் ஆறாவது கட்டம் இல்லை.